திருச்சி – யாழ்ப்பாணம்: 184 கிலோமீட்டருக்கு எதற்கு ஒரு மணி நேரம்?

போன மாதம் சித்தி போன் பண்ணினார். யாழ்ப்பாணத்தில் தோழி மகளுக்குக் கல்யாணம், திருச்சியிலிருந்தே நேராக விமானம் விடுகிறார்களாமே, டிக்கெட் பார்த்துச் சொல் என்றார். பார்த்து, ஒரு மணி நேரப் பயணம் என்று சொன்னதும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. "ஏம்பா, இங்கேயிருந்து யாழ்ப்பாணம் நூத்தி எண்பது சொச்சம் கிலோமீட்டர்தாங்கறாங்க. விமானம் மணிக்கு ஐநூறு, எண்ணூறுன்னு பறக்குது. அப்ப இருபது நிமிஷத்துல போயிடணுமே, எதுக்கு ஒரு மணி நேரம்னு போட்டிருக்கான்?"

கேள்வி நியாயமானது. போனில் அவசரமாக ஏதோ சொல்லி வைத்துவிட்டேன், ஆனால் அரைகுறையாகச் சொன்னது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்ததை இங்கே முழுசாக எழுதுகிறேன். இரண்டு சிறிய விமான நிலையங்களுக்கு நடுவே உள்ள தூரத்தையும் நேரத்தையும் புரிந்துகொள்ள இந்த ஒரு வழித்தடம் போதும்.

முதலில் தூரம். திருச்சி விமான நிலையத்திலிருந்து பலாலியில் உள்ள யாழ்ப்பாணம் விமான நிலையத்துக்கு நேர்கோடு போட்டால் சுமார் 184 கிலோமீட்டர். விமானக்காரர்கள் கணக்கில் கடல் மைல், ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், அப்படிப் பார்த்தால் கிட்டத்தட்ட 100 கடல் மைல். இதில் ஒரு வேடிக்கை, திருச்சியிலிருந்து கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு நேர்கோடு போட்டாலும் அதே 184 தான் வருகிறது, ஒரு கிலோமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. கோயம்புத்தூருக்கு பஸ்ஸில் ஐந்து மணி நேரம் ஆகிறதே, அதே தூரத்தில்தான் யாழ்ப்பாணம் இருக்கிறது. நம்மில் பெரும்பாலானோர் மனதில் யாழ்ப்பாணம் அவ்வளவு பக்கத்தில் இல்லை, நடுவில் கடலும் எல்லையும் இருப்பதால் எட்டாத தூரமாகவே நினைத்துப் பழகிவிட்டோம்.

தூரத்தைத் தேடும்போது 184 என்று ஒரு இடத்திலும் 190-ஐத் தாண்டி இன்னொரு இடத்திலும் போட்டிருப்பார்கள். அதில் தப்பு எதுவும் இல்லை. ஒருவர் விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு அளந்திருப்பார், இன்னொருவர் ஊர் நடுவிலிருந்து ஊர் நடுவுக்கு அளந்திருப்பார். பலாலி யாழ்ப்பாண நகரத்துக்கு வடக்கே, காங்கேசன்துறைப் பக்கம், நகரத்திலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நாம் போவது வடமேற்கிலிருந்து என்பதால் நிலையம் ஊரைவிடக் கொஞ்சம் நமக்கு இந்தப் பக்கமாகவே வந்துவிடுகிறது, அந்த ஏழெட்டு கிலோமீட்டர்தான் வித்தியாசம்.

அந்த நேர்கோடு எந்த ஊர்களின் மேல் போகிறது என்று மேப்பில் பார்த்தால் நன்றாக இருக்கும். திருச்சியிலிருந்து தென்கிழக்காகக் கிளம்பி, கந்தர்வகோட்டைக்குப் பக்கத்தில் போய், பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவே கடந்து, அதிராம்பட்டினத்துக்கும் மல்லிப்பட்டினத்துக்கும் இடையில் கரையைத் தாண்டுகிறது. அதுவரை 85 கிலோமீட்டர் சுமார். அப்புறம் மிச்சம் இருக்கும் 100 கிலோமீட்டரும் பாக் நீரிணை, நேராகக் காங்கேசன்துறைக் கரையில் போய் முட்டும். விமானம் கோட்டைப் பிடித்தபடி அப்படியே போகாது, வானில் அதற்கென்று குறித்த வழியும் திருப்பங்களும் உண்டு, ஆனாலும் கிட்டத்தட்ட இதுதான் பாதை.

சரி, நேரத்துக்கு வருவோம். இந்த வழியில் ஓடுவது ஏடிஆர் 72, இரண்டு புரொப்பல்லர் வைத்த விமானம். 2025 மார்ச் 30 அன்று இண்டிகோ இதைத் தொடங்கியது, 78 பேர் உட்காரலாம். இது போகும் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டி. சித்தி சொன்ன எண்ணூறு எல்லாம் ஜெட் விமானங்களுக்கு. தூரத்தைப் போட்டால் நேரம் சொல்லும் கணக்கிகள் பலவற்றிலும் இந்தக் குழப்பம் உண்டு, எல்லா விமானத்தையும் ஜெட்டாக நினைத்து மணிக்கு 800 என்று வகுத்து, ஏற இறங்க என்று அரை மணி நேரம் கூட்டிவிடுவார்கள். திருச்சி – யாழ்ப்பாணத்துக்கு அப்படிப் போட்டால் 44 நிமிடம் வரும். டிக்கெட்டில் அந்த எண்ணைத் தேடினால் கிடைக்காது.

500 என்று வைத்தே வகுத்தாலும் 22 நிமிடம்தான் வருகிறது. மீதி எங்கே போகிறது என்பதுதான் விஷயம்.

விமானம் 500 கிலோமீட்டர் வேகத்தில் போவது மேலே ஏறி முடித்து மட்டமாகப் பறக்கும்போதுதான். இந்தப் பயணத்தில் மட்டமாகப் பறக்கும் பகுதி எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? உதாரணத்துக்கு 13,000 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம் (கிழக்கே போகிறவர்களுக்கு ஒற்றைப்படை ஆயிரம், மேற்கே போகிறவர்களுக்கு இரட்டைப்படை ஆயிரம் என்று உயரம் ஒதுக்குவது வழக்கம், எதிரெதிரே வந்தால் மோதாமல் இருக்க). ஏடிஆர் நிமிடத்துக்கு 1,200 அடி போல ஏறும். அப்படியென்றால் 13,000 அடி ஏற 11 நிமிடம். ஏறும்போது வேகம் குறைவு, மணிக்கு 350 கிலோமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும், அந்த 11 நிமிடத்தில் 65 கிலோமீட்டர் போயிருக்கும். அதாவது கிட்டத்தட்ட பட்டுக்கோட்டை வரை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது.

இறங்குவதற்கு விமானிகள் மனக்கணக்காக ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் 3 கடல் மைல். 13,000 அடிக்கு 39 கடல் மைல், கிலோமீட்டரில் 72. ஆக ஏற 65, இறங்க 72, இரண்டையும் கூட்டினால் 137. மொத்தம் 184-இல் இதைக் கழித்தால் மிச்சம் 47 கிலோமீட்டர். மட்டமாக, முழு வேகத்தில் பறப்பது இந்த 47 கிலோமீட்டர் மட்டும்தான், நேரத்தில் சொன்னால் ஆறு நிமிடத்துக்கும் குறைவு. பட்டுக்கோட்டைப் பக்கம் ஏறி முடித்து, கரையைத் தாண்டி கடலுக்குள் ஒரு 25, 30 கிலோமீட்டர் போனதும் இறங்க ஆரம்பித்தாக வேண்டும். சீட் பெல்ட் விளக்கு அணைந்த கொஞ்ச நேரத்திலேயே மறுபடி எரிகிறதே என்று இந்தச் சின்னப் பயணங்களில் தோன்றுவது இதனால்தான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்து மூடுவதற்குள் விமானம் இறங்கும் வேலையில் இறங்கியிருக்கும்.

இறங்கும்போதும் கடைசிப் பகுதி நிதானமாகத்தான் போகும். ஓடுபாதையை நெருங்க நெருங்க வேகத்தைக் குறைத்து, கடைசியில் மணிக்கு 200 கிலோமீட்டர் போலக் கொண்டுவந்துதான் தரையைத் தொட வேண்டும்.

இதற்கு மேல் ஓடுபாதை எந்தத் திசையில் இருக்கிறது என்பது. பயணிகள் யாரும் யோசிக்காத விஷயம் இது, ஆனால் குறுகிய பயணத்தில் நன்றாகவே நேரத்தைத் தின்னும். திருச்சியின் ஓடுபாதை கிழக்கு மேற்காக இருக்கிறது, எண்கள் 09, 27 (திசைகாட்டியின் பாகையில் கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு ஓடுபாதையின் ஒவ்வொரு முனைக்கும் வைக்கும் எண்). விமானம் முடிந்தவரை எதிர்காற்றில்தான் எழும்பும், இறங்கும். கிழக்குக் காற்று அடிக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கிழக்கு நோக்கி எழும்பினால் வலதுபக்கம் லேசாகத் திரும்பியதுமே யாழ்ப்பாணப் பாதையைப் பிடித்துவிடலாம். ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது மேற்கு நோக்கி எழும்ப வேண்டும், அதாவது போக வேண்டிய ஊருக்கு ஏறக்குறைய முதுகைக் காட்டிக்கொண்டு கிளம்பி, பிறகு வளைந்து திரும்பி வர வேண்டும். அதற்கே இரண்டு மூன்று நிமிடம் போய்விடும்.

பலாலியில் ஓடுபாதை வடகிழக்கு – தென்மேற்காகப் போடப்பட்டிருக்கிறது, 05, 23. நாம் வருவதோ வடமேற்கிலிருந்து. ஓடுபாதைக்குக் கிட்டத்தட்ட குறுக்காக வந்து சேர்கிறோம், எனவே எந்த முனையில் இறங்கினாலும் ஒரு நல்ல வளைவு போட்டாக வேண்டும், 23-இல் இறங்கினால் கடலுக்கு மேல் வடகிழக்குப் பக்கம் போய்த் திரும்பி வர வேண்டும், 05 என்றால் தென்மேற்குப் பக்கம் போய் வர வேண்டும். ஜன்னலோரம் இருப்பவர்களுக்கு இது கொடுத்து வைத்த நேரம். கடலோரம், பனங்கூட்டங்கள், செம்மண் தோட்டங்கள் எல்லாம் சாய்ந்து தெரியும். ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். ஏற 11 நிமிடம், மட்டமாக 6, இறங்க 11, இரண்டு முனையிலும் திரும்பி வளைந்து வரிசைப்பட 7, 8 நிமிடம். வானத்தில் இருப்பது 35 நிமிடத்தை ஒட்டி. டிக்கெட்டில் இருப்பது ஒரு மணி நேரம். இன்னும் 25 நிமிடம் இருக்கிறது.

அந்த 25 நிமிடம் தரையில். டிக்கெட்டில் போடும் நேரம் பறக்கும் நேரம் இல்லை, அதைப் பிளாக் டைம் என்பார்கள். விமானம் நிற்கும்போது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து அடைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அந்தக் கட்டையை எடுத்த நேரத்திலிருந்து போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை போடும் வரைக்குமான கணக்குதான் அது. இன்ஜின் கிளப்புவது, ஓடுபாதை முனை வரை ஊர்ந்து போவது, வேறு விமானம் இறங்கிக்கொண்டிருந்தால் காத்திருப்பது, இறங்கிய பிறகு நிற்கும் இடத்துக்கு ஊர்ந்து வருவது எல்லாம் இதற்குள் அடங்கும். அதோடு நிறுவனங்கள் கொஞ்சம் கையிருப்பு நிமிடங்களும் சேர்த்துத்தான் அட்டவணை போடுவார்கள், பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பினாலும் சொன்ன நேரத்துக்குச் சேர்ந்துவிடலாம் என்று. இந்த வழியில் இன்னொன்றும் உண்டு. பாக் நீரிணையின் நடுவே விமானம் சென்னையின் வான் எல்லைக்குள்ளிருந்து கொழும்பின் வான் எல்லைக்குள் நுழைகிறது, ஒரு கட்டுப்பாட்டு நிலையம் இன்னொன்றிடம் ஒப்படைக்க வேண்டும். அரை மணி நேரப் பறப்புக்குள் இரண்டு நாட்டுக்காரர்களும் இதைப் பேசி முடித்தாக வேண்டும், அதனால் கிளம்பும் முன்பே ஒப்புதல்கள் கையில் இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கு சரிதானா என்று மற்ற வழிகளில் போட்டுப் பார்த்தேன். ஏடிஆர் என்றால் தூரத்தை 500-ஆல் வகுத்து வரும் நேரத்தோடு நிரந்தரமாக 35 நிமிடத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள் (வானத்தில் இருக்கும் 35 நிமிடம் என்று மேலே சொன்னது வேறு; இது தரையில் போகும் நேரமும், வளைவுகளுக்கும் மெதுவாக ஏறி இறங்குவதற்கும் கூடுதலாக ஆகும் நேரமும் சேர்ந்தது). திருச்சி – யாழ்ப்பாணம்: 22-உம் 35-உம் 57 நிமிடம். சென்னை – யாழ்ப்பாணம் நேர்கோட்டில் 354 கிலோமீட்டர், அதற்கு 42-உம் 35-உம் 77 நிமிடம், அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டித்தான் போடுகிறார்கள். சென்னை – தூத்துக்குடி 530 கிலோமீட்டர், 64-உம் 35-உம் 99 நிமிடம், அதாவது ஒன்றரை மணிக்கு மேலே. தூத்துக்குடிக்கு ஏடிஆரில் போய் வந்தவர்களுக்கு இது சரியாக இருப்பது தெரியும்.

கவனித்தீர்களா, சென்னையிலிருந்து போகும் தூரம் திருச்சியிலிருந்து போவதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நேரம் கூடுவதோ வெறும் 20 நிமிடம். கிலோமீட்டரை வைத்து நேரத்தை ஊகித்தால் ஏமாறுவது இங்கேதான். சின்னப் பயணத்தில் பெரும்பங்கு அந்த நிரந்தர 35 நிமிடத்துக்கே போகிறது, தூரம் என்பது அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துக்கொள்வது மாதிரி.

அந்த நிரந்தர நேரம் இல்லாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கும் ஒரு உதாரணம் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு ஒரு விமானம் போகிறது, தூரம் 2.7 கிலோமீட்டர், உலகத்திலேயே மிகச் சிறிய அட்டவணைப் பயணம். அட்டவணையில் 2 நிமிடம், நல்ல காற்று இருந்தால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே போன நாளும் உண்டு, 53 விநாடி என்பது சாதனை. எட்டுப் பேர் உட்காரும் குட்டி விமானம், ஊர்ந்து போக நீளமான வழி கிடையாது, வரிசையில் நிற்க வேறு விமானம் கிடையாது, மேலே ஏறவும் தேவையில்லை. அதனால்தான் முடிகிறது.

ஜெட் விட்டால் வேகமாகப் போகலாமே என்று கேட்கலாம். இந்தத் தூரத்துக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது. ஜெட்டுக்கு வேகம் வருவது 30,000 அடிக்கு மேலே ஏறிய பிறகு, 184 கிலோமீட்டரில் அவ்வளவு உயரம் ஏறி உடனே இறங்குவது வீண் வேலை, ஐந்து நிமிடம் மிச்சமானால் அதிகம். எரிபொருள் செலவு மட்டும் கணிசமாகக் கூடும். இன்னொரு பக்கம், பலாலியில் இப்போது இருக்கும் ஓடுபாதை பெரிய ஜெட்கள் வந்து போகும் அளவுக்குத் தயாராக இல்லை. அதை விரிவாக்கும் பேச்சு வரும்போதெல்லாம் நிலமும் சேர்ந்து வருகிறது. பலாலியைச் சுற்றியிருக்கும் வலிகாமம் வடக்கில் 1990-இல் வீட்டை விட்டுப் போனவர்களின் காணிகள் ராணுவத்தின் கையில் போய், போர் முடிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவிக்கப்பட்டன, எல்லாமே திரும்பக் கிடைத்துவிடவில்லை. ஓடுபாதையை நீட்டுவதா என்று பேசும்போது அந்தக் காணிக்காரர்களை முதலில் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். நமக்கு மிச்சமாகப் போவது ஐந்து நிமிடம். அவர்களுக்கு அது பிறந்த வீடு.

டிக்கெட்டில் போட்டிருக்கும் ஒரு மணி நேரத்துக்கு வெளியே இருப்பதையும் சித்திக்குச் சொன்னேன். உள்நாட்டுப் பயணம் மாதிரி இல்லை, பாஸ்போர்ட் வேண்டும், விசா அனுமதியை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும், மூன்று மணி நேரம் முன்னாடி போய் நிற்கச் சொல்வார்கள். திருச்சியின் புது முனையம் 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த பிறகு இடம் தாராளம், ஆனாலும் வெளிநாட்டு விமானங்கள் ஒரே நேரத்தில் அடுத்தடுத்துக் கிளம்பினால் இமிகிரேஷன் வரிசை நீளும். அந்தப் பக்கம் இறங்கியதும் மறுபடி இமிகிரேஷன், லக்கேஜ், அப்புறம் பலாலியிலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்கு அரை மணி நேரம் வண்டி. வாசலிலிருந்து வாசலுக்குக் கணக்குப் போட்டால் ஐந்தரை, ஆறு மணி நேரம். கோயம்புத்தூருக்கு பஸ்ஸில் போகும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூட. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் இருக்கிறது, 2023 அக்டோபர் 14-இல் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. கடலில் 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். திருச்சிக்காரர்கள் முதலில் நாகப்பட்டினம் போய்ச் சேர வேண்டும், கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அதை நம்பியும் இருக்க முடியாது. ஆனால் மூட்டை நிறையக் கொண்டுபோகிறவர்களுக்குக் கப்பல்தான் வசதி.

இடையில் ஒரு சின்ன விஷயம். புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் கழித்துப் பயண நேரம் கண்டுபிடிக்கிறோமே, அது இன்று சரியாக வருவது இரண்டு நாட்டுக் கடிகாரமும் ஒன்றாக இருப்பதால். 1996-லிருந்து 2006 ஏப்ரல் வரை இலங்கை நேரம் நம்மைவிட முன்னால் இருந்தது, பெரும்பாலான ஆண்டுகளில் அரை மணி நேரம். அந்தக் காலத்தில் இப்படி ஒரு விமானம் இருந்திருந்தால் போகும்போது ஒன்றரை மணி நேரம், வரும்போது அரை மணி நேரம் என்று அட்டவணை காட்டியிருக்கும்.

அந்தக் காலத்தில் விமானமே இல்லை என்பது வேறு. பலாலி இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுபாதை. 1947 டிசம்பர் 10 அன்று இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம், டகோட்டா என்ற புரொப்பல்லர் விமானம், கொழும்புக்குப் பக்கத்து ரத்மலானையில் கிளம்பி காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்கு வந்தது, அப்போது யாழ்ப்பாணத்துக்காரருக்கு சென்னை சில மணி நேரப் பயணம். பிறகு போர் வந்தது, பலாலி ராணுவத்தளமாகவே இருந்தது. 2019 அக்டோபர் 17-இல் சர்வதேச நிலையமாகத் திறந்து, நவம்பர் 11-இல் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் வந்து, நான்கு மாதத்தில் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பர் 12-இல்தான் மறுபடி தொடங்கியது. போருக்கும் 2019-க்கும் இடைப்பட்ட வருடங்களில் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போக வேண்டுமென்றால் கொழும்புக்கு 417 கிலோமீட்டர் பறந்து, அங்கிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தரைவழியாக வடக்கே ஏற வேண்டும், அதுவும் வழி திறந்திருந்த காலத்தில். 184 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊருக்கு 800-க்கு மேல் சுற்றிப் போனார்கள், ஒரு ராத்திரி வழியில் தங்கி. சித்தியும் அந்தத் தோழியும் கடைசியாக நேரில் பார்த்துக்கொண்டது அப்படியொரு பயணத்தில்தான்.

டிக்கெட் போட்டாயிற்று. ஜன்னலோர சீட்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறார். இடதுபக்கமா வலதுபக்கமா என்றார், வலதுபக்கம் எடுத்துக்கொடுத்தேன், 23-இல் இறங்கினால் விமானம் வலதுபக்கம் சாய்ந்து திரும்பும்போது கரை நன்றாகத் தெரியும்.